இங்கே போட்டது அங்கே வந்து சேரும்

உ
முருகன் துணை
தாமுவே, ரங்கூன்
பிரபவ வருடம், ஐப்பசி 10

அன்புள்ள அத்தானுக்குப் பவுனம்மாள் எழுதிக்கொண்டது. நான் சுகம். கப்பலில் மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை என்றும், பினாங்கில் இறங்கிய அன்றே இராமையா அண்ணன் வீட்டில் மூன்று ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக முடித்தீர்கள் என்றும் உங்கள் கடிதத்தில் கண்டேன். அந்த வீட்டு அண்ணி என்ன நினைத்தார்களோ. அடுத்த வேளையாவது கூச்சப்பட்டுச் சாப்பிடவும்.

இங்கே வீட்டை ஒழிக்கிற வேலை நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பர்மாப் பெண் மா தின் நம் அலமாரியைப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கேட்டாள். "பன்னெண்டு க்யாட்" என்றாள். "பதினெட்டிலே ஒரு க்யாட் குறையாது" என்று நானும் அவள் பாஷையிலேயே சொன்னேன். தினம் வந்து அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போகிறாள். கீல் தேய்வதற்குள் வாங்கிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

ஏழு வருஷமாக நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததும், சாமான் விற்றுவருவதும் சேர்ந்தால் ஆயிரத்து நூறு தேறும். இராமையா அண்ணன் சைக்கிள் கடையில் பாதிப் பங்குக்கு இந்த நவம்பர் கடைசி வரைதான் காத்திருப்பார், அதற்குப் பிறகு வேறு ஆள் பார்த்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நம் ரூபாய் செல்லாதாமே, டாலர்தானாமே. பணத்தை எந்த வழியில் மாற்றி அனுப்புவது என்று விவரமாக எழுதவும். மடியில் கட்டிக்கொண்டு கப்பலில் வர எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு முன் உங்களுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, பிழைத்து எழுந்தால் உங்களுக்கு மொட்டை போடுவதாக முருகனிடம் நேர்ந்துகொண்டேன். எழுந்தீர்கள். மொட்டை மட்டும் இன்னும் ஆகவில்லை. கணக்கு நோட்டில் "கொடுக்க வேண்டியது" என்ற பக்கத்தில் மளிகைக்கடை, பால்காரர் எல்லாருக்கும் நேர் செய்து கோடு போட்டுவிட்டேன். "முருகனுக்கு மொட்டை ஒன்று" என்கிற வரி மட்டும் நிற்கிறது. சாமி பாக்கியை வைத்துக்கொண்டா புது ஊரில் கடை திறப்பது? யோசிக்கவும்.

பவுனம்மாள்


பினாங்கு
4-11-1927

டியர் பவுனு,

உன் கடிதம் கிடைத்தது. இராமையா வீட்டு அண்ணி உன்னைப் போல இல்லை. நான் சாப்பிடுகிற அழகைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

பண விஷயம். மொத்தத்தையும் வெள்ளைக்காரன் பாங்கியில் கட்டி, டிராப்ட் எடுத்து அனுப்பு. மேஜை நாற்காலி போட்டு, மின்சார விசிறி சுழல, எல்லாம் ஒழுங்காக நடக்கும். இனிமேல் நாம் முதலாளி வீடு. அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நவம்பர் முப்பதாம் தேதி இராமையா கையில் எழுநூறு டாலர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சீனர் காத்துக்கொண்டிருக்கிறார். கடை வாசலில் வந்து நின்று கையால் அளந்துகூடப் பார்த்துவிட்டுப் போனார். ரயில்வே பட்டறையில் பத்து வருஷம் கரியோடு கரியாக நின்றவன், இந்த ஒரு கடையை நம்பித்தான் வேலையை விட்டு வந்திருக்கிறேன். மறந்துவிடாதே.

மொட்டை விஷயத்தை முருகனிடம் நான் நேரில் பேசிக்கொள்கிறேன். நீ நடுவில் வராதே. இங்கே எல்லாரும் என் கிராப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "எந்த ஊர்க் கத்திரி?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு முதலாளி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?

அலமாரியின் மேல்தட்டில் என் தலைக்குப் பூசுகிற வாசனைப் பசை டப்பா இருக்கிறது. அந்த வகை இங்கே கிடைக்கவில்லை. மா தின் அலமாரியோடு அள்ளிக்கொண்டு போய்விடாமல் முதலில் அதை எடுத்து வை.

செல்லையா


உ
முருகன் துணை
தாமுவே
பிரபவ வருடம், ஐப்பசி 27

அன்புள்ள அத்தானுக்கு,

அலமாரி பதினேழரைக்குப் போயிற்று. டப்பா பத்திரம்.

நீங்கள் சொன்னபடி பாங்கிக்குப் போனேன். விசிறி சுழன்றது. அதன் கீழே இருந்தவர் என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்து, "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்றார்.

"அவர் பினாங்கிலே இருக்கார் ஐயா."

"அப்ப அவர் வந்து போடட்டும்."

"அவர் இங்கே வந்துட்டார்னா நான் ஏன் ஐயா பணத்தை அங்கே அனுப்பறேன்?"

அவர் எனக்குப் பின்னால் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றுவிட்டார்.

பிறகு கப்பல்துறைக்குப் போனேன். அங்கே பெட்டி வைத்துப் பணம் மாற்றுகிற காஜா மைதீன் பாய், "ஏன் தங்கச்சி அலையுறே? கையிலே டாலரா வாங்கி இடுப்பிலே சொருகிக்கிட்டு நிம்மதியாப் போ" என்றார். "இடுப்பிலே ஆயிரம் ரூபா இருந்தா நிம்மதி எங்கே பாய் இருக்கும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் நூறு டாலருக்கு நூற்று அறுபது ரூபாய் என்ற விலையில் இருந்து இறங்கவில்லை.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை. பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்ச் சன்னதியில் வைத்து, "அப்பனே, நீயே ஒரு வழி சொல்லு" என்று கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது புத்தி தெளிந்துவிட்டது. உடனே எழுந்து போய், பணம் பூராவையும் உண்டியலில் போட்டுவிட்டேன். கையெழுத்து இல்லை, வீட்டுக்காரர் எங்கே என்ற கேள்வி இல்லை. மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இனி நீங்களும் கவலைப்பட வேண்டாம். இங்கே போட்டது அங்கே வந்து சேரும். விபூதியும் சீட்டும் அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரே கப்பலில் அனுப்பக் கூடாதாம்.

பவுனம்மாள்


பினாங்கு
18-11-1927

பவுனு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு இராமையாவைப் படிக்கச் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டேன்.

பணம் பூராவையுமா? உண்டியலிலா?

போன தீபாவளிக்கு என் ஓவர்டைம் பணம் பத்து ரூபாயைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, "முருகன் பார்த்துப்பான்" என்றாயே, அன்றே நான் விழித்திருக்க வேண்டும். பத்து ரூபாய்தானே என்று சும்மா இருந்தேன். அது ஒத்திகை என்று எனக்கு எப்படித் தெரியும்?

இங்கே போட்டது அங்கே வந்து சேரும் என்கிறாயே, அங்கே என்றால் எங்கே? கைலாசத்திலா? எனக்கு வேண்டியது பினாங்கில்! இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்! விபூதியையும் அர்ச்சனைச் சீட்டையும் நீட்டினால் இராமையா கடையில் பாதியை எழுதிக் கொடுப்பானா? அந்தச் சீனர் டாலரோடு நிற்கிறார்.

கையெழுத்து கேட்கவில்லையாம். உண்டியல் எதற்கு அம்மா கையெழுத்து கேட்கிறது? உள்ளே போனது போனதுதான் என்று அதற்குத் தெரியும்!

இன்று காலையில் தந்தி அடித்திருக்கிறேன். உண்டியலைத் திறப்பதற்கு முன்னால் குருக்கள் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கு. நீ கப்பலுக்கு டிக்கெட் எடுக்காதே. பணம் இல்லாமல் நீ இங்கே வந்து இரண்டு பேரும் யார் வீட்டுத் திண்ணையில் படுப்பது? நானே திரும்பி வந்து பட்டறை வாசலில் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான்.

இது இரண்டாவது கடிதம். முதலில் எழுதினதைக் கிழித்துவிட்டேன். அதைப் பார்க்க இது சாந்தமானது.

செல்லையா


உ
முருகன் துணை
தாமுவே
பிரபவ வருடம், கார்த்திகை 4

அன்புள்ள அத்தானுக்கு,

இத்துடன் உண்டியல் சீட்டு வைத்திருக்கிறேன், சொன்னபடி விபூதியும். அன்றைக்குக் கோயிலில் இருந்து நேரே மொகல் தெருச் செட்டியார் கடைக்குப் போய் எழுதி வாங்கியது. பினாங்கு தெருவில் அவர்களுக்குக் கடை இருக்கிறது. இந்தச் சீட்டைக் காட்டினால் அன்றே எழுநூறு டாலர் எண்ணிக் கொடுப்பார்கள், தவணை இல்லை. யார் பேரில், எவ்வளவு என்கிற விவரம் முந்தின கப்பலிலேயே இங்கிருந்து அந்தக் கடைக்குப் போய்விட்டது. விவரம் முன்னால், சீட்டு பின்னால், இரண்டும் வேறு வேறு கப்பல் என்பதுதான் அவர்கள் வழக்கம். அதனால்தான் என் போன கடிதத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டாம் என்றார்கள்.

காஜா மைதீன் பாய் நூறு டாலருக்கு நூற்று அறுபது ரூபாய் கேட்டார் இல்லையா, செட்டியார் கடை மேலாள் நூற்று ஐம்பத்தேழு என்றார். "பாய் டீயும் வாங்கிக் கொடுத்தாரு" என்றேன். "இங்கே மோர்தான் உண்டு" என்று சொல்லி, ஒரு ரூபாய் குறைத்து, மோரும் கொடுத்தார். ஆகக்கூடி ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் கட்டினேன். மிச்சம் என் டிக்கெட்டுக்கு.

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தந்தி வந்தது. எதிர்வீட்டு ஏசுரத்தினம் அண்ணன் இங்கிலீஷ் படித்தவர் அல்லவா, அவரிடம் ஓடினேன். "பணம் திரும்ப வாங்கு. குருக்களைப் பிடி. அவசரம்" என்று இருக்கிறது என்றார். அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. குருக்களுக்கு நாம் கைமாற்று எதுவும் கொடுக்கவில்லையே? கடைத் திறப்புப் பூஜைக்கு இங்கிருந்து குருக்களைக் கூட்டிவரச் சொல்கிறீர்களோ என்று போய்க் கேட்டேன். "கடல் எனக்கு ஒத்துக்காது. ஆனாலும் போக வர டிக்கெட்டும் ரெண்டு வேஷ்டியும் குடுத்தா வரேன்" என்கிறார். என்ன சொல்லட்டும்?

பவுனம்மாள்


உ
தாமுவே
பிரபவ வருடம், கார்த்திகை 9

பினாங்கில் இருப்பவருக்கு,

18ஆம் தேதி எழுதிய சாந்தமான கடிதம் கிடைத்தது.

இந்நேரம் சீட்டு உங்கள் கைக்கு வந்திருக்கும். பணம் எந்த உண்டியலில் போயிற்று என்று தெரிந்திருக்கும். ஊரில் அத்தனை பேரும் "உண்டியல் போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறவன், நெல் வாங்குகிறவன், கடை வைத்திருக்கிறவன் எல்லாருக்கும் அது செட்டியார் கடைச் சீட்டுதான். உங்களுக்கு மட்டும் அது கோயில் வாசலில் நிற்கிற செப்புக் குடம்.

ஏழு வருஷமாகக் கொத்தமல்லிக்கட்டுக்குக்கூடக் கணக்கு எழுதினவள் நான். க்யிம்யிண்டைங் சந்தையில் காலணா குறைகிறது என்று வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தவள். அந்தப் பணத்தை ஒரே கையில் அள்ளிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன் என்று எப்படி நம்பினீர்கள்? சாமி கும்பிடுகிறவளுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாதா? முருகனுக்கே தெரியும், நம் வீட்டுப் பணத்தில் அவருக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று. தீபாவளிப் பத்து ரூபாயும் நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டதுதான். நோட்டில் தேதியோடு இருக்கிறது.

திட்டினது போகட்டும், "டிக்கெட் எடுக்காதே" என்று எழுதினீர்களே. அந்த வரியைப் படித்துவிட்டு, கட்டின பெட்டியை அவிழ்த்து ஒரு புடவையை வெளியே எடுத்துக் கட்டிக்கொண்டேன். மா தின் பார்த்துவிட்டு, "ஏன், போகலையா?" என்றாள். "தெரியலை" என்றேன். அவள் உள்ளே போய் ஒரு கிண்ணம் மொஹிங்கா கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் குழம்பில் மீன் என்று அவளுக்கும் தெரியும், நான் கார்த்திகை விரதம் என்றும் தெரியும். ஆனாலும் அழுகிறவளுக்கு வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

குருக்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏற்கெனவே வேஷ்டிக்குக் கரை என்ன நிறம் என்று முடிவு செய்திருந்தார். எனக்கு அவர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது. எல்லாம் உங்களால்.

டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வரி எழுதவும். தந்தி வேண்டாம்.

பவுனம்மாள்


பினாங்கு
30-11-1927

என் அருமைப் பவுனுக்கு,

எடு. முதலில் அதைச் சொல்லிவிட்டேன். டிக்கெட் எடு, அடுத்த கப்பலுக்கே எடு.

சீட்டு 24ஆம் தேதியே வந்துவிட்டது, பத்திரம் முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். உறையைப் பிரித்ததும் முதலில் விபூதிதான் கொட்டியது. "வந்துடுச்சுடா அர்ச்சனைச் சீட்டு" என்று தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இராமையாதான் எடுத்து வாசித்தான். வாசித்தவன் சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தான். இன்று வரை சிரித்துக்கொண்டிருக்கிறான். கடைக்கு வருகிற ஆளிடம் எல்லாம், "உண்டியல்லே போட்டாச்சா?" என்கிறான்.

பினாங்கு தெருச் செட்டியார் கடையில் சீட்டைக் காட்டினேன். அவர்கள் விசிறியும் வைத்திருக்கவில்லை, நாற்காலியும் கொடுக்கவில்லை. பாயில் உட்காரச் சொல்லி, எழுநூறு டாலரை எண்ணிக் கையில் வைத்தார்கள். இன்று இராமையாவிடம் கொடுத்துப் பத்திரம் எழுதியாயிற்று. வாசலில் நின்ற சீனருக்கு நானே ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கடையில் பாதி நம்முடையது. பத்திரத்தில் உன் பெயரையும் போடச் சொன்னேன். போட்டிருக்கிறது.

பத்திரம் முடிந்து வந்தபோதுதான் உன் கடிதம் காத்திருந்தது. நீ புடவையை வெளியே எடுத்த இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. எழுதினவன் முட்டாள், பவுனு.

இன்னொரு விஷயம். உன்னைத் திட்டிக் கடிதம் போட்ட அன்று சாயங்காலம் இங்கே தண்ணீர்மலை முருகனிடம் போனேன். கோயிலுக்குள் நானாகப் போனது அதுதான் முதல் தடவை. "முருகா, அவள் பக்தியிலே போட்டுட்டா. பெரிய மனசு பண்ணித் திருப்பிக் குடுத்துடு. குடுத்தா இந்தத் தலையை உனக்கே தரேன்" என்று சொல்லிவிட்டேன். ஆத்திரத்தில் வாயில் வந்துவிட்டது.

சீட்டு வந்த பிறகு யோசித்தேன். பணம் முருகனிடம் போகவே இல்லை. போகாததை அவர் எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்று ஆகும்? ஆகவே மொட்டை செல்லாது என்று இராமையாவிடம் வாதாடினேன். அவன், "நீ போய் அதை அவர்கிட்டேயே சொல்லு" என்றான். சொல்லத்தான் போனேன். சன்னதியில் நின்றதும் வேலைப் பார்த்தேன். வேலும் என்னைப் பார்த்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வெளியே வந்தால் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஆகையால் கப்பலில் இருந்து இறங்கும்போது கிராப்புத் தலையைத் தேடாதே. வெயிலில் செம்புக் குடம் மாதிரி பளபளவென்று ஒன்று முன்வரிசையில் நிற்கும். அதுதான். பசை டப்பாவை எடுத்துவர வேண்டாம். வீணாகப் பெட்டியில் இடம் அடைக்கும்.

உன்
செல்லையா


உ
முருகன் துணை
தாமுவே
பிரபவ வருடம், கார்த்திகை 21

அன்புள்ள அத்தானுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை கப்பல். இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில்தான் வருகிறோம், எது முன்னால் உங்களிடம் வரும் என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை ஏசுரத்தினம் அண்ணன் வீட்டில் படித்துக் காட்டினேன். எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். நான் வீட்டுக்கு வந்து தனியாகக் கொஞ்சம் அழுதேன், அது வேறு. காஜா மைதீன் பாயிடம் சொல்லிக்கொண்டேன். "டாலரை விட்டுட்டே, இருக்கட்டும் தங்கச்சி" என்று ஒரு பொட்டலம் டீத்தூள் கொடுத்தார். மா தின்னுக்கு அலமாரிக்காக அரை ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். கீல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிக் கையில் திணித்தேன். பெட்டியை மறுபடியும் கட்டிவிட்டேன். இந்தத் தடவை அவிழ்க்கப் போவதில்லை.

புறப்படுவதற்கு முன் கணக்கு நோட்டை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். "கொடுக்க வேண்டியது" பக்கத்துக்கு வந்ததும்தான் கவனித்தேன். நீங்கள் தண்ணீர்மலையில் செலுத்தியது, பணம் திரும்ப வந்ததற்காக நீங்கள் நேர்ந்துகொண்ட மொட்டை. காய்ச்சலுக்காக நான் நேர்ந்துகொண்ட மொட்டை அப்படியே இருக்கிறது. ஒன்றை இரண்டுக்கும் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாமா என்று குருக்களைக் கேட்டேன். வேஷ்டிக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. "அது எப்படி? அது வேற, இது வேற" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே முருகனுக்கு மொட்டை ஒன்று பாக்கி. அவர் வட்டி கேட்கிறவர் இல்லை. முடி நன்றாக வளரட்டும், அவசரம் இல்லை.

பசை டப்பாவைப் பெட்டியில் வைத்துவிட்டேன். நடுவில் கொஞ்ச நாள் பூசிக்கொள்ளலாம்.

உங்கள்
பவுனு